இல்லாத வயிற்றுக்காக

கொழுத்த நண்டு வளையில் தங்காதாம்.
இது வலையில் தங்கியது.
பிரெஸ்த் துறைமுகத்தில் விடிகாலை ஐந்தரைக்கு
எட்டு யூரோ கொடுத்து வாங்கி
ஈரச்சாக்கில் சுற்றி
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள் எனோரா.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டாராம்:
"வேகவைக்கவா, வறுக்கவா?"
"கேட்க" என்றாளாம்.

பனிக்கட்டியில் உறங்கவைத்து
ஓடு திறந்து
இரைப்பையின் மேல் ஓடும் ரத்தக்குழாய்க்குள்ளிருந்து
அவள் பிரித்தெடுத்தது
கடுகைவிடச் சிறிய ஒரு முடிச்சு.
முப்பது நரம்பணுக்கள்.
ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம்.
குளிர்ந்த உப்புநீரில் விரித்துவைத்து
ஒலிபெருக்கியைத் திருகினாள்.

டக். டக்டக். டர்ர்.
டக். டக்டக். டர்ர்.

நண்டு போய்விட்டது.
வயிறும் போய்விட்டது.
முடிச்சுக்கு யாரும் சொல்லவில்லை.
இல்லாத வயிற்றுக்காக அது
அரைத்துக்கொண்டே இருந்தது
மறுநாள் மதியம்வரை.

நான் எதிர் அறைக்காரன்.
சிப் வடிவமைப்பது என் பிழைப்பு.
பதினாறு கோடி டிரான்சிஸ்டர்,
ஒவ்வொன்றும் அடுத்ததை உரித்துவைத்தது போல.
பிசகியது குப்பைத்தொட்டிக்கு.
நண்டின் மூன்றடித் தாளத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.
இருபது டிகிரியில் அழகாக அடித்தது.
ஜன்னலைத் திறந்தால் தடுமாறியது.
மூடினால்
வேறுமாதிரி தடுமாறியது.

எனோராவிடம் போய் நின்றேன்.
"சரியான எண்களைக் கொடு.
எந்த வாசல் எவ்வளவு திறக்கும்,
பொட்டாசியம் எத்தனை, கால்சியம் எத்தனை."
நோட்டை நீட்டினாள்.
திங்கட்கிழமை நண்டு: பன்னிரண்டு.
புதன்கிழமை நண்டு: நாற்பத்தொன்று.
வெள்ளி: ஒன்பது.
"எது சரி?"
"மூன்றும்."
"தாளம்?"
"அதேதான்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
அப்புறம் கோபம் வந்தது.
பதினொரு வருடமாக
எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

அன்றிரவு தூக்கம் பிடிக்காமல்
வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு மாதம் லோயிசா வாடகை கட்டியிருக்கிறாள்,
மறுமாதம் நான்,
ஜூனில் பாதி அவள் தம்பியிடம் கடன்,
ஆகஸ்டில் என் பழைய சைக்கிள்.
வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம்
ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும் என்பது.

நண்டும் அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது.
தை மாதக் கடல் ஒரு குளிர்,
வெயிலில் சிக்கிய பாறைக்குட்டை ஒரு சூடு.
ஒரே எண்ணைக் கட்டிக்கொண்டு
எந்த உயிர் அங்கே காலம் தள்ளும்?
இந்த வாசல் ஒடுங்கினால்
அந்த வாசல் கொஞ்சம் அகலும்.
கணக்குப்பிள்ளை யாரும் இல்லை.
அக்கம்பக்கத்துச் சத்தம்தான் கணக்கு.

திரும்ப வரைந்தேன்.
பிசகியவற்றைத் தூக்கி எறியவில்லை.
பக்கத்திலிருப்பவன் தடுமாறினால்
நீ கொஞ்சம் விட்டுக்கொடு,
கொஞ்சம் இழுத்துப்பிடி
என்று மட்டும் எழுதினேன்.
அந்த ஒரு வரிக்கு
ஏழு மாதம் ஆயிற்று.

(இடையில் ஞாயிறுகளில் நண்டு சாப்பிட்டேன்.
மறைப்பானேன்.
கால்களை மட்டும்.)

பிப்ரவரியில் புது சிப் வந்தது.
ஜன்னலைத் திறந்தேன்.
மழை மேசைவரை வந்தது.
தாளம் நிற்கவில்லை.
எனோரா ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.
அவள் அளவில் அது விருது.

பிறகு அவள்தான் சொன்னாள்,
இரண்டையும் சுடவைத்துப் பார்ப்போம் என்று.
இருபத்தெட்டில் இரண்டும் வேகமெடுத்தன.
முப்பதில் இரண்டும் உளறின.
முப்பத்திரண்டில்
இரண்டும் ஊமை.
எனக்கு உள்ளூர ஒரு பெருமை:
தோற்பதிலாவது ஒற்றுமை.

குளிரவிட்டோம்.

இருபத்தைந்து. ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு.
கிண்ணத்திலிருந்து ஒரு டக்.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
டக்டக்.
தொண்டையைச் செருமிக்கொள்வது போல ஒரு டர்ர்.
அதன்பிறகு
ஒன்றும் நடக்காதது போல
அரைக்கத் தொடங்கிவிட்டது
இல்லாத வயிற்றுக்காக.

என் சிப் பக்கம் அமைதி.
பதினெட்டு. அமைதி.
எனோரா வேண்டுமென்றே
நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.
நான் மேசைக்கு அடியில் கையை விட்டு
மறுபடி தொடங்கும் பொத்தானைத்
தேடிக்கொண்டிருந்தேன்.